மாதிரியாக்கம் (உயிரியலும் நடத்தை அறிவியலும்)

மாதிரியாக்கம் என்னும் சொல் உயிரியலில் ஒரு பொருளிலும் நடத்தை அறிவியலில் முற்றிலும் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. முன்னதில் மாதிரி என்பது ஆய்வாளர் தெரிந்தெடுப்பது அல்லது உருவாக்குவது. பின்னதில் மாதிரி என்பது பிறர் பார்த்துப் பின்பற்றும் ஓர் ஆள்.

உயிரியலில், மனிதருக்குப் பதிலாக ஆராயப்படும் பழ ஈ, சுண்டெலி போன்றவை மாதிரி உயிரினங்கள் எனப்படுகின்றன. சமன்பாடுகளும் மாதிரிகளாகலாம். கொசுக்களே மலேரியாவைப் பரப்புகின்றன என்பதை நிறுவிய ரொனால்டு ராஸ், பின்னர் அந்நோயின் பரவலைக் கணித மாதிரியாகவும் எழுதினார். எல்லாக் கொசுக்களையும் ஒழிப்பது இயலாது, ஆகவே முயற்சியே வீண் என்று கூறப்பட்ட காலம் அது. கொசுக்களின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்தாலே நோய் படிப்படியாக மறையும் என்று அவரது மாதிரி காட்டியது.

நடத்தை அறிவியலில் இச்சொல் பார்த்துக் கற்பதைக் குறிக்கும். ஆல்பர்ட் பண்டூரா 1961இல் வெளியிட்ட ஆய்வில் 72 மழலையர் பள்ளிக் குழந்தைகள் பங்கேற்றனர். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகளில் பலர், பின்பு அதேபோல் அடித்தனர். அவர் சொன்ன சொற்களையும் சொன்னார்கள். அவர்களுக்கு யாரும் பரிசு தரவில்லை. இங்கே மாதிரி அந்தப் பெரியவர்தான், பொம்மையன்று. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. இதே வழியில் அச்சத்தையும் நீக்கலாம்: நாய்க்கு அஞ்சும் குழந்தை, மற்றொரு குழந்தை நாயுடன் விளையாடுவதைப் பார்த்துப் பயம் தெளிகிறது.

தமிழில் கூடுதலாக ஒரு குழப்பமும் உண்டு. 'இரத்த மாதிரி' என்பதில் உள்ள மாதிரி இவ்விரண்டுமல்ல. அது சோதனைக்காக எடுக்கப்படும் ஒரு கூறு.