இடது காலுக்கு ஓய்வு

சென்னையில் புதிதாகக் கார் ஓட்டத் தொடங்கியவர் மிகவும் அஞ்சுவது வேகத்தை அன்று. ஜெமினி மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் போகும் பஸ் சட்டென்று நின்றுவிட, பின்னால் ஓர் ஆட்டோ ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்க, இடது கால் க்ளட்ச்சை விடுவதற்கும் வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குத் தாவுவதற்கும் இடைப்பட்ட அந்த ஒரு க்ஷணத்தில் வண்டி பின்னோக்கி உருளுமே, அதைத்தான். இந்தச் சங்கடம் தீரவேண்டும் என்றே பலரும் ஆட்டோமேட்டிக் காரை நாடுகிறார்கள். ஆயினும் ஷோரூமில் அந்த ஒரே பெயரால் விற்கப்படும் யந்திரங்கள் யாவும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல.

குறைந்த விலையில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை, 2014ல் மாருதி செலேரியோ மூலம் நம் நாட்டில் அறிமுகமான ஏ.எம்.டி. வகையே. வழக்கமான கியர்பெட்டியையும் க்ளட்ச்சையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றை இயக்கும் வேலையை மட்டும் ஒரு மின்னணுக் கருவியிடம் ஒப்படைத்திருப்பதால், விலையும் பெட்ரோல் செலவும் கட்டுக்குள் நிற்கின்றன. அதே காரணத்தால், கியர் மாறும்போது சக்தி சற்றே அறுபட்டு, உட்கார்ந்திருப்பவரின் தலை லேசாக முன்னே ஆடுகிறது. கப்பிகளுக்கிடையே பட்டை ஓடும் சி.வி.டி.யிலும், எண்ணெய் வழியே சக்தி பாயும் டார்க் கன்வெர்ட்டரிலும் இந்த ஆட்டம் இல்லை, விலைதான் அதிகம்.

நகரத்துக்குள் ஆபீஸ் போய்வருகிற புதியவருக்கு ஏ.எம்.டி. தாராளமாகப் போதும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரே நிபந்தனை, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பின்னும் இரண்டொரு விநாடி வண்டியைப் பிடித்து நிறுத்தும் 'ஹில் ஹோல்ட்' வசதி அதில் இருக்கவேண்டும். உள்ளே இருப்பது பழைய க்ளட்ச்தான் ஆகையால், அவ்வசதி இல்லாத வண்டி ஏற்றத்தில் உருளவே செய்யும். உருளாதிருக்க ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே நின்றால் க்ளட்ச் சூடேறித் தேயும். இவ்வகையில் பலவற்றுக்கு, நிறுத்திய வண்டியை நகராமல் பூட்டிவைக்கும் 'பி' (பார்க்) என்ற கியர் நிலையும் கிடையாதாகையால், நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுக்க மறக்கலாகாது. க்ளட்ச் மிதித்துப் பழகிய இடது கால், பழக்கதோஷத்தால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். முதல் வாரம் அதை ஓரமாக ஒதுக்கி வைப்பதே உசிதம்.

டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துப்போகும் விற்பனையாளர் சமதரையான சாலையில் ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பிவிடுவார். நீங்கள் விடாமல், அடித்தளக் கார் நிறுத்துமிடம் உள்ள கட்டடம் ஒன்றுக்கு வண்டியை விடச் சொல்லி, ஆள் நடமாட்டமில்லாத வேளையில் அதன் சரிவின் நடுவே நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள்.