கப்பல் வாங்கலாமா பாஸ்?

பெசன்ட் நகர் பீச். சாயங்காலம் ஆறு மணி. சுண்டல் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டே நண்பன் கேட்டான்: ''பழைய பாய்மரக் கப்பல் ஒண்ணு விலைக்கு வந்தா வாங்குவியாடா?''

29சி-க்கு டிக்கெட் எடுக்கவே நான் அவன்கிட்ட கடன் வாங்குற ஆளு. சிரிச்சு வைச்சேன். ஆனா மக்களே, நிஜமாவே அப்படி ஒரு கப்பல் கைமாறியிருக்கு. கட்டினது தமிழர்கள், வாங்கினது அமெரிக்கர்!

கோடியக்கரையிலிருந்து பாக் நீரிணையைத் தாண்டினா யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. அங்கே உருவானவள்தான் 'அன்னபூரணி'. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. வேப்ப மரத்துல கட்டினது. ஃபர்ஸ்ட் இயர் கார்ப்பென்ட்ரி லேப்ல நான் போட்ட ஜாயின்ட், சார் கையில எடுத்ததுமே ரெண்டாப் போச்சு. அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை! முன் மரத்துல குறுக்கே விரிக்கிற சதுரப் பாய்கள். காத்து பின்னாலிருந்து தள்ளினா பறக்கும். பின் மரத்துல நெடுக்கா கட்டின பாய். காத்து பக்கவாட்டுல வந்தாலும் சமாளிச்சுடும். 'பிரிகன்டைன்'னு சொல்ற வகை இது.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் சும்மா ஆள் இல்லை. சுமார் 32 அடி நீளமுள்ள 'ஸ்வாப்' படகுல 1928-ல கிளம்பி, 1931-க்குள்ள உலகத்தையே சுத்தினவர். அவர் கண் அன்னபூரணி மேல விழுந்தது. வாங்கினார். மனைவி பேரையே வெச்சு, 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கிட்டார்.

பேர்தான் மாறுச்சு. ஓட்டிக்கிட்டுப் போனது யார் தெரியுமா? வல்வெட்டித்துறை ஆட்களேதான்! தண்டையல், அதாவது கேப்டன், கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அப்புறம் அந்த அட்லான்டிக். 1938 ஆகஸ்ட் 1-ம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்துல போய் நின்னாங்க. வித்த பொருளை வீட்டு வாசல்ல டெலிவரி பண்றதுன்னா இதுதான்!

வல்வெட்டித்துறைக்காரங்க இன்னிக்கும் அதை அன்னபூரணின்னுதான் சொல்றாங்க. 

இதையெல்லாம் சொல்லி முடிச்சப்போ சுண்டல் காலி. ஊரூர் குப்பம் பக்கம் மணல்ல ஏத்தி வெச்சிருந்த ஃபைபர் படகு ஒண்ணைக் காட்டி, ''அதுக்கு என்ன பேருடா போட்டிருக்கு?''ன்னு கேட்டான் நண்பன். இருட்டுல தெரியலை. பேன்ட்ல ஒட்டின மணலைத் தட்டிட்டு, ரெண்டு பேரும் படிச்சுப் பார்க்கப் போனோம்.