பெயரும் முகவரியும்

மக்கள் ஊர்களைப் பெயரால் அறிகின்றனர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்றவுடன் சென்னையின் மேற்குப் பகுதியில் வாழ்வோர்க்கு அவ்வூர்களின் தெருக்களும் கடைவீதிகளும் நினைவிற்கு வரும். அஞ்சல் துறையோ அவற்றை முறையே 600053, 600054, 600056 என்னும் எண்களால் குறிக்கின்றது. பெயர் நினைவில் நிற்கும். எண் ஐயமின்றி வழிகாட்டும். ஆதலின் இரண்டும் வேண்டும். இரண்டையும் இணைத்துக் காட்டும் ஏடும் வேண்டும்.

கணிப்பொறி உலகிலும் இதுவே நிலை. வலையமைப்பில் உள்ள கணிப்பொறிகளுக்கு நாம் பெயர் சூட்டுகிறோம், அவையோ ஐ.பி. முகவரி என்னும் எண்ணைக் கொண்டே ஒன்றையொன்று அடைகின்றன. தொடக்கக் காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலாக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணப்பட்டன. கணிப்பொறிகள் பெருகவே, ஒரு பட்டியல் போதாதாயிற்று. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் டி.என்.எஸ். என்னும் முறையை வகுத்தார். அதன்படி பெயரேடு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பல கணிப்பொறிகளின் பொறுப்பில் விடப்பட்டது.

இப்பெயரேடு பிழைபட்டால் என்ன நேரும்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை இருப்பதாகக் கொள்வோம். அதன் ஊதியக் கணக்கு, பூந்தமல்லிக் கிளையிலுள்ள கணிப்பொறியில் தரவுத்தளமாகச் சேமிக்கப்பட்டுள்ளது. அக்கணிப்பொறியின் பெயரும் பூந்தமல்லியே. ஊதிய நாளன்று எழுத்தர் கணக்கைத் திறக்க முயல்கிறார், திறக்கவில்லை. தொழிலாளர் காத்து நிற்கின்றனர். கணக்கே அழிந்துவிட்டது என்று அஞ்சி, சென்ற வாரம் எடுத்துவைத்த படியை அதன்மீது ஏற்றிவிட்டால், இடைப்பட்ட நாள்களின் பதிவுகள் உண்மையாகவே அழிந்துபோகும். பதற்றம் இல்லாத நோயை உண்டாக்கிவிடும்.

ஆகவே முதலில் திரையில் தோன்றும் செய்தியை ஊன்றிப் படித்தல் வேண்டும். கடவுச்சொல் தவறு என்று வந்தால், நாம் வீட்டை அடைந்துவிட்டோம். காவலன் உள்ளே விடவில்லை என்பது பொருள். இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால், முகவரிக்குச் சென்றோம். ஆங்கே கதவு திறந்திருக்கவில்லை என்பது பொருள். பெயரை அறிய இயலவில்லை என்று வந்தால், நாம் வீட்டை நோக்கி ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. அந்நிலையில் தரவுத்தளத்தைக் குறைகூறுதல் முறையன்று.

அடுத்து எழுத்தை நோக்குக. பூந்தமல்லி என்றாலும், பூவிருந்தவல்லி என்றாலும், ஆங்கில வழக்கில் பூனமல்லி என்றாலும் ஊர் ஒன்றே என்பதை நாம் அறிவோம். கணிப்பொறி அறியாது. ஓர் எழுத்து மாறினும் அதற்கு அது வேறு பெயரே.

எழுத்துச் சரியாயின், அப்பெயரைப் பக்கத்திலுள்ள வேறொரு கணிப்பொறியிலிருந்து வினவுக. அங்கும் விடை இல்லையெனில், குறை பெயரேட்டில் இருத்தல் கூடும். அங்கு விடை கிடைத்தால், குறை நம் கணிப்பொறியில்தான் உள்ளது. அதனுள் ஹோஸ்ட்ஸ் என்னும் சிறு கோப்பு ஒன்று உண்டு. என்றோ எழுதிய பழைய எண் அதில் தங்கியிருக்கக்கூடும். என்ஸ்லுக்கப் என்னும் கட்டளை அக்கோப்பைப் பாராமல் டி.என்.எஸ். ஏட்டையே வினவும், பிங் என்னும் கட்டளையோ பொதுவாக அக்கோப்பையும் பார்க்கும். இரண்டும் வெவ்வேறு எண்ணைக் காட்டினால், அக்கோப்பை ஆராய்தல் வேண்டும்.

பெயர் வழங்கும் எல்லையும் ஒன்று உண்டு. அலுவலகத்திற்குள் மட்டும் வழங்கும் பெயர் வெளியே செல்லாது. ஊழியர் ஆவடியிலுள்ள தம் இல்லத்திலிருந்து வினவினால், பொது இணையத்தின் பெயரேடு அதனை அறியாது. வி.பி.என். என்னும் காப்புவழியாக அலுவலக வலையமைப்பில் நுழைந்த பின்னரே விடை கிடைக்கும்.

சிலர் இத்துணைத் தொல்லை எதற்கு என்று எண்ணி, பெயருக்கு மாறாக எண்ணையே எழுதிவிடுவர். சோதனைக்கு அது பயன்படும்; ஆனால் நிலையாக விட்டுவிடலாகாது. கணிப்பொறி மாற்றப்பட்டு எண் மாறும் நாளில், குறை எங்குள்ளது என்று பிறர் அறியாமல் தவிப்பர்.

இத்தகைய குறை சிறு தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியதன்று. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், நம் நாட்டில் தீபாவளித் திருநாள். அன்று நண்பகல் 12.18 மணியளவில், அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவிலுள்ள அமேசான் நிறுவனத்தின் கணிப்பொறி மையங்களில் டைனமோடிபி என்னும் தரவுத்தளத்தை அடைய இயலாமற் போயிற்று. முகவரிகளைத் திருத்தும் தானியங்கு நிரல்கள் ஒன்றோடொன்று முரண்பட்டுச் செயற்பட்டமையால், அத்தரவுத்தளத்தின் பெயருக்கு நேராக எண் ஒன்றுமின்றி ஏடு வெறுமையாயிற்று. ஏட்டைச் செப்பனிட்டு, பிற்பகல் 3.10 மணியளவில் அத்தரவுத்தளத்தை மீட்டனர். அதனைச் சார்ந்த பிற சேவைகள் சீர்ப்பட மேலும் பல மணி நேரம் ஆயிற்று. உலகெங்கும் பலர் உற்ற அவ்விடர், தகவல் அழிந்தமையால் நேர்ந்ததன்று. முகவரி மறைந்தமையால் நேர்ந்தது.

மாணவர்களே! ஒரு பொருள் கிடைக்கவில்லை என்பதும் அப்பொருள் இல்லை என்பதும் ஒன்றல்ல. குறை கண்டவிடத்து, முதற்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஆராய்க. ஒருநேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்குக. நலமாக இருப்பதை நலமாகவே விட்டு, பழுதுற்றதை மட்டும் திருத்துவதே அறிவுடைய தொழிலாளியின் இலக்கணமாகும்.