மாத்திரை அட்டையின் சிவப்புக் கோடு

இந்தியாவில் விற்கப்படும் பல மாத்திரை அட்டைகளின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோடு, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் அம்மருந்தைச் சில்லறையாக விற்கக் கூடாது என்பதைத் தெரிவிக்கிறது. இதற்கு அடிப்படையாக அமைந்தவை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகளும் ஆகும். விற்பனையில் கட்டுப்பாடு தேவைப்படும் மருந்துகளை இவ்விதிகள் ‘அட்டவணை’ எனப்படும் பட்டியல்களில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக இட்டுள்ளன.

இவற்றுள் ‘எச்’ அட்டவணை 500க்கும் மேற்பட்ட மருந்துகளைக் கொண்டது. இவற்றுக்கான சீட்டில் மருத்துவரின் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, உட்கொள்ள வேண்டிய அளவு ஆகியவை இருக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தந்தாலன்றி ஒரே சீட்டுக்கு இரண்டாம் முறை மருந்து தரலாகாது. கேட்டமின், மீதைல்பெனிடேட் போன்றவை இடம்பெறும் ‘எக்ஸ்’ அட்டவணை இன்னும் கடுமையானது: தனி உரிமம் பெற்ற கடை, பூட்டிய அலமாரி, இரண்டு படிகளாகச் சீட்டு, அவற்றுள் ஒன்றை 2 ஆண்டுகள் கடையிலேயே வைத்திருத்தல் ஆகியன கட்டாயம். மறுமுனையில், பாராசிட்டமால் போன்ற சில வீட்டு மருந்துகளை 1,000 பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் விற்பனை உரிமம் இன்றியே விற்க ‘கே’ அட்டவணை இடம் தருகிறது.

எனினும், மிகுந்த கவனத்துக்குரியது 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ‘எச்1’ அட்டவணையே. மற்ற மருந்துகளைத் தவறாக உட்கொண்டால் கேடு பெரும்பாலும் உட்கொண்டவரோடு நின்றுவிடும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைத் தேவையின்றி உட்கொண்டாலோ, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருகி, அம்மருந்தை ஒருமுறைகூட உட்கொள்ளாதவரையும் தாக்கக்கூடும். இதனால்தான் வீரியம் மிக்க நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் காசநோய் மருந்துகளும், அடிமைப்படுத்தக்கூடிய சில மருந்துகளுடன், இதில் சேர்க்கப்பட்டன. சட்டம் தனி நோயாளியைக் காப்பதோடு நில்லாமல் சமூகத்தையும் காக்க முற்படும் இடம் இது என்பதால், இதன் மீறலைச் சிறு குற்றமாகக் கருதுவது பொருந்தாது.

இம்மருந்துகளை விற்கும்போது மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அதன் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அதனை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கடை வாங்கிய அளவையும் கையிருப்பையும் இப்பதிவேட்டோடு ஒப்பிடும் மருந்து ஆய்வாளரால், சீட்டின்றி வெளியேறிய மாத்திரைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட முடியும்.