பிறவியிலேயே திரும்பிய பாதம்: வளரும் எலும்பைப் பற்றிச் சில வார்த்தைகள்

எட்டியாந்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றில், மண்சரிவு அபாயத்தினால் லயத்தை விட்டு வெளியேறித் தற்காலிக வீடுகளில் தங்கியிருந்த குடும்பங்களைச் சந்திக்க நாம் சென்றிருந்தோம். ஆறு வயதுப் பையன் ஒருவன் எமக்குக் கதிரை எடுத்து வந்து போட்டான். அவனது வலது பாதம் உட்புறமாகத் திரும்பியிருந்தது. பாதத்தின் வெளி விளிம்பை ஊன்றியே அவன் நடந்தான். ஊன்றும் இடத்தில் தோல் காய்த்துத் தடித்திருந்தது.

“கெரகணத்தன்னிக்கு இவங்கம்மா வெளிய போயிட்டா சிஸ்டர், அதான் இப்படி” என்றார் பாட்டி. அடுப்படியில் நின்ற தாய் மெதுவாகச் சொன்னார்: “பொறந்தப்ப மூணு தடவை பிளாஸ்டர் போட்டாங்க சிஸ்டர். அப்புறம் மண்ணு சரிஞ்சு எடம் மாறிட்டோம். திரும்பப் போகல.”

கிரகணத்திற்கும் இந்தக் காலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாய் செய்த பிழையும் இதில் இல்லை. உலகெங்கும் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகளில் ஒருவர் இவ்வாறு பிறக்கின்றனர். பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளில் இது இரு மடங்காகக் காணப்படுகின்றது. பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களும் திரும்பியிருக்கும். தாய் சொன்ன மூன்று பிளாஸ்டர்தான் எமது கவனத்தை ஈர்த்தது. வைத்தியம் சரியாகவே ஆரம்பிக்கப்பட்டு நடுவில் நின்றுபோயிருக்கிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கக்கூடியது என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் எலும்பைப் பற்றி ஒரு விடயம். பிள்ளையின் எலும்பு பெரியவரின் எலும்பைச் சிறிதாக்கி வைத்தது அல்ல. நீண்ட எலும்புகளின் நுனிகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு எனப்படும் மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14, 15 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதிலும் அது மூடி முழு எலும்பாகிவிடும். இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது எளிதாக விளங்கும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். உள்ளே கட்டையைத் தொட்டுவிட்டால், பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளரும் அடுக்கு காயப்பட்டு, அந்த இடத்தில் முடிச்சு விழும். மறுபட்டை சீராக வராது. வளர்ச்சித் தட்டில் முறிவோ கிருமியோ பட்டால் அதே கதைதான். கை கால் ஒரு பக்கம் குட்டையாகலாம், அல்லது கோணலாக வளரலாம்.

ஆனால் இதே வளர்ச்சி எமக்கு உதவியும் செய்கிறது. பிறந்து சில நாட்களேயான குழந்தையின் பாதத்தில் பல எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும்; நரம்புகளும் நாண்களும் இளக்கமாக இருக்கும். மெதுவாகத் திருப்பிப் பிடித்தால் அந்தப் பக்கமாகவே அவை வளரும். திரும்பிய பாதத்திற்கு இன்று உலகெங்கும் செய்யப்படும் வைத்தியத்தின் அடிப்படை இதுவே.

இதனை வகுத்தவர் இக்னாசியோ பொன்செட்டி என்ற வைத்தியர். அவரும் இடம்பெயர்ந்தவர்தான். ஸ்பெயினின் மினோர்க்கா தீவில் 1914இல் பிறந்து, அந்நாட்டு உள்நாட்டு யுத்தத்தில் காயப்பட்டோருக்கு வைத்தியம் பார்த்து, 1939இல் மலை கடந்து பிரான்சுக்குத் தப்பி, பின் மெக்சிக்கோவில் கிராம வைத்தியராக வேலை செய்து, 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்குச் சென்றார். அக்காலத்தில் திரும்பிய பாதத்தைப் பெரிதாக வெட்டித் திறந்து சத்திரசிகிச்சை செய்வதே வழக்கம். அப்படிச் செய்யப்பட்ட பாதங்கள் பிற்காலத்தில் விறைத்து வலி தருவதை அவர் கண்டார். கையால் திருப்பி, பிளாஸ்டர் போட்டு, படிப்படியாக நேராக்கும் முறையை உருவாக்கினார். 1963இல் அதன் பலன்களை வெளியிட்டும் பல ஆண்டுகள் பெரும்பாலானோர் அதைக் கவனிக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில்தான் அது பரவலாயிற்று. 2009இல், தமது 95ஆவது வயதில் அவர் காலமானார்.

வைத்தியம் நடக்கும் விதம் இதுதான். பிள்ளை பிறந்த முதல் இரண்டு கிழமைக்குள் ஆரம்பிப்பது நல்லது. வைத்தியர் பாதத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி, கால்விரலிலிருந்து தொடையின் மேற்பகுதி வரை பிளாஸ்டர் போடுவார். கிழமைக்கு ஒருமுறை அதனைக் கழற்றி, இன்னும் சிறிது திருப்பி, புதிதாகப் போடுவார். பெரும்பாலும் ஐந்தாறு பிளாஸ்டர் போதும். பின் குதிகால் நாண் இறுக்கமாக இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு அதனைச் சிறிய கத்தியால் வெட்டி விடுவார்கள். அநேகமான பிள்ளைகளுக்கு இது தேவைப்படும். கேட்கப் பயமாக இருந்தாலும் இது சில நிமிட வேலை. நாண் தானாகவே நீண்டு கூடிவிடும். அதற்குப் பின் கடைசிப் பிளாஸ்டர் மூன்று கிழமைக்கு இருக்கும்.

கூட்டிப் பார்த்தால் எல்லாம் சேர்த்து ஒன்பது, பத்துக் கிழமை. தோட்டத்தில் பதிவுள்ள தாய்க்கு 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. பிள்ளை பிறந்தவுடன் ஆரம்பித்தால் பிளாஸ்டர் வேலை முழுவதும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். “கொஞ்சம் பெரிசாகட்டும், பிறகு பார்ப்போம்” என்று தள்ளிப்போட்டால், ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒருநாள் பேர் போய்விடும். பஸ் காசும் போகும். பிந்துவதால் பாதமும் இறுகிவிடும். ஆகவே பிரசவ விடுதியிலேயே பாதத்தைக் காட்டிக் கேளுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போதும் கேட்கலாம். இரத்தினபுரி, கேகாலைப் பெரியாஸ்பத்திரிகளின் எலும்பு கிளினிக்குக்கோ கொழும்பு பொரளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியத்திற்குக் கட்டணமில்லை.

எமது மழை பிளாஸ்டருக்குப் பகை. நனைந்தால் அது இளகிவிடும். குளிப்பாட்டாமல் ஈரத் துணியால் உடம்பைத் துடையுங்கள். கால்விரல்களைத் தினமும் பாருங்கள். அழுத்தி விட்டால் உடனே சிவப்பு திரும்ப வேண்டும். விரல்கள் வீங்கினாலோ நீலமானாலோ குளிர்ந்தாலோ, பிளாஸ்டருக்குள் விரல்கள் இழுபட்டு மறைந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் போக வேண்டும்.

பாதம் நேராகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகளின் கால் மறுபடி திரும்புகிறது. கடைசிப் பிளாஸ்டரைக் கழற்றியவுடன், ஒரு கம்பியின் இரு முனைகளிலும் பொருத்திய இரண்டு சப்பாத்துகள் தரப்படும். ஒரு கால் மட்டும் திரும்பியிருந்தாலும் இரண்டு காலிலும் போட வேண்டும். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம். பின்னர் இரவிலும் பகல் தூக்கத்திலும் மட்டும். ஆனால் நான்கு வயது வரை, சிலருக்கு ஐந்து வயது வரை. பாதத்தை உள்ளே இழுத்த தசைநாண்களின் குணம் பாதம் வேகமாக வளரும் ஆண்டுகளில் மாறுவதில்லை. வேகம் என்றால் எவ்வளவு? பெண் பிள்ளைக்கு ஒரு வயதிலும் ஆண் பிள்ளைக்கு ஒன்றரை வயதிலும் பாதம், வளர்ந்த பின் இருக்கப்போகும் நீளத்தில் பாதியை எட்டிவிடுகிறது.

முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளை அழும். பாட்டிமாருக்கு மனம் பொறுக்காது, கழற்றிவிடுவார்கள். (எமது பாட்டிமாரும் அப்படித்தான்.) இரண்டு காலையும் சேர்த்து ஆட்டப் பழக்கினால் பிள்ளை விரைவில் பழகிக்கொள்ளும். தோல் சிவந்து புண்ணானால், அல்லது விரல்கள் சப்பாத்தின் நுனியைத் தாண்டினால், கழற்றி மூலையில் போடாமல் கிளினிக்கில் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும்.

எமது வாசகர்கள் பலர் ஒருமுறைக்கு மேல் இடம்பெயர்ந்தவர்கள். 1977, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு வெட்டிப் பயிர் செய்தவர்கள் உண்டு. 2016 மே 17இல் அரநாயக்க சாமசர மலையும், அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டமும் சரிந்தபோது, ஒரு பையும் பிள்ளைகளுமாக ஓடியவர்கள் உண்டு. நான்கு ஆண்டு நீளும் வைத்தியம் ஒன்றை அப்படிப்பட்ட வாழ்க்கைக்குள் நடத்துவது இலேசல்ல என்பதனை நாம் அறிவோம். ஆனால் கிளினிக்கை மாற்றிக்கொள்ளலாம். போகும் இடத்துப் பெரியாஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினால், எத்தனையாவது பிளாஸ்டர், நாண் வெட்டியாயிற்றா, சப்பாத்து எப்போது கொடுத்தது என்று அவர்களுக்கு விளங்கிவிடும். அட்டை தொலைந்தாலும் பிள்ளையைக் கொண்டுபோங்கள்.

இனி, மற்றச் சில விடயங்கள். நடக்கத் தொடங்கும் பிள்ளையின் கால் வில்லைப்போல் வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசுவதும் பெரும்பாலும் இயல்பு. ஏழு வயதளவில் தானாகவே நேராகும். எண்ணெய் தேய்த்து இழுப்பதால் ஒன்றும் கூடுவதில்லை. ஒரு கால் மட்டும் வளைந்தால், வளைவு கூடிக்கொண்டே போனால், அல்லது பிள்ளை நொண்டினால் காட்ட வேண்டும். கைக்குழந்தையின் கால்களை நீட்டிச் சேர்த்து இறுகச் சுற்றுவது இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. எமது தாய்மார் கால் அகட்டி இடுப்பில் தூக்கி வைப்பது, யாரும் சொல்லித்தராமலே செய்யும் நல்ல காரியம்.

கை முறிந்தால் சபரகமுவையில் முதலில் போவது முறிவு வைத்தியரிடம். சிங்களத்தில் கெடும்பிந்தும் வெதமாத்தயா. அவர்களில் கைதேர்ந்தவர்கள் உண்டு. ஆயினும் கொய்யா மரத்திலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்கையை அவர் எண்ணெய் போட்டு மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவதற்கு முன், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே எமது எண்ணம். முழங்கைக்கு அருகே வளர்ச்சித் தட்டும் இருக்கிறது, இரத்தக் குழாயும் போகிறது. யார் கட்டினாலும், கட்டிய பின் வலி குறையாமல் கூடினால், விரல்கள் வீங்கி மரத்தால், விரலை நீட்டும்போது பிள்ளை அலறினால் கட்டை உடனே தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணித்தியாலங்களில் தசை இறந்து கை நிரந்தரமாக மடங்கிவிடும். காய்ச்சலோடு ஒரு காலையோ கையையோ அசைக்க மறுக்கும் பிள்ளையும் அன்றே போக வேண்டியது. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாட்களுக்குள் மூட்டு கெட்டுவிடும். அதைச் சுளுக்கு என்று நினைத்துத் தடவ வேண்டாம்.

முன்னர் நொண்டும் பிள்ளை என்றால் இளம்பிள்ளை வாதம் என்றே சொன்னோம். தடுப்பு மருந்தினால் அது போயிற்று. இலங்கையில் கடைசி நோயாளி 1993இல் காணப்பட்டார்.

அந்த ஆறு வயதுப் பையனிடம் திரும்புவோம். பிந்திவிட்டது, இனி ஒன்றும் செய்ய இயலாது என்றே தாய் நினைத்திருந்தார். நடக்கத் தொடங்கி ஆண்டுகள் கடந்த பிள்ளைகளுக்கும் இதே பிளாஸ்டர் முறை பயன்படுகிறது. பிளாஸ்டர்கள் கூடுதலாகத் தேவைப்படும். சிலருக்கு ஒரு தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சையும் வேண்டியிருக்கும். தாய் தகரப் பெட்டியைத் திறந்து, பிறப்புச் சான்றிதழுக்கு அடியிலிருந்து பழைய கிளினிக் அட்டையை எடுத்துக் காட்டினார். மூன்று திகதிகள் எழுதப்பட்டு, நான்காவது இடம் வெறுமையாக இருந்தது. எம்மோடு வந்த சிஸ்டர் அதனைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். அடுத்த எலும்பு கிளினிக் நாளுக்கு அவர்களோடு தாமும் பஸ் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார்.