சர்வீஸ் நடுவரின் நாற்காலி

ஆந்திரத்தைச் சேர்ந்த இறகுப்பந்தாட்ட வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-ஆம் ஆண்டில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையின்போது அடித்த ஸ்மாஷ், மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையை விட்டுப் புறப்பட்டதாகக் கின்னஸ் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அத்தகைய பராக்கிரமம் வாய்ந்த அதே கரம், சர்வீஸ் போடும் முறை தன்னிடம் வரும்போது, ஷட்டிலின் இறகு நுனியை விரல்களால் பற்றி, மட்டையைத் தாழ்த்திப் பிடித்து, வலையை உரசினாற்போல் அதை மெல்லத் தள்ளிவிடுவதோடு அமைந்துவிடுகிறது. டென்னிஸில் சர்வீஸ் போடுபவர் பந்தைத் தலைக்குமேல் எறிந்து, முழு பலத்தையும் அதில் இறக்கி, சில வேளைகளில் எதிராளி மட்டையை அசைப்பதற்குள்ளாகவே புள்ளியைப் பறித்துவிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் இறகுப்பந்தாட்டத்தின் விதிகளை வகுத்தவர்கள் முதலடியைத் தாக்கும் ஆயுதமாக விடாமல், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஒரு காரியமாகவே வைத்தார்கள். அந்தச் சட்டப் புத்தகத்தின் ஜீவன் முழுவதும் இந்த ஒரு நியமத்திலேயே இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆடுகளத்தின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். நீளம் 13.40 மீட்டர், அகலம் இரட்டையர் ஆட்டத்துக்கு 6.10 மீட்டர், ஒற்றையர் ஆட்டத்துக்கு 5.18 மீட்டர். வலை கம்பங்களின் அருகே 1.55 மீட்டர் உயரமும், நடுவில் சற்றே தாழ்ந்து 1.524 மீட்டர் உயரமும் கொண்டது. வலையிலிருந்து 1.98 மீட்டர் தள்ளி முன் சர்வீஸ் கோடு ஓடுகிறது. சர்வீஸ் போடுபவர் தமது புள்ளி இரட்டைப்படையாக இருக்கும்போது வலப்பக்கக் கட்டத்திலும், ஒற்றைப்படையாக இருக்கும்போது இடப்பக்கக் கட்டத்திலும் நின்று, மூலைக்கு மூலையாக எதிர்க் கட்டத்துக்குள் ஷட்டிலை அனுப்ப வேண்டும். வலையின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு உரிய கட்டத்தில் விழுந்தாலும் அந்த சர்வீஸ் செல்லும். டென்னிஸில் போல மறுமுறை போடச் சொல்வதில்லை. இரட்டையர் ஆட்டத்தில் சர்வீஸுக்குரிய பின்கோடு 76 சென்டிமீட்டர் முன்னே தள்ளப்பட்டிருப்பதால், உயரத் தூக்கிப் பின்னே அனுப்பும் சர்வீஸ் அங்கே ஆபத்தானது. ஆகவே அனுபவசாலிகள் பெரும்பாலும் முன் கோட்டை ஒட்டியே போடுகிறார்கள்.

இவ்வளவும் களத்தின் கணக்கு. போடும் கைக்கும் நிற்கும் காலுக்கும் வேறு நிபந்தனைகள் உண்டு. ஷட்டில் அடிபடும்வரை இரு பாதங்களின் ஏதாவதொரு பகுதி தரையை விட்டு நகராமல் பதிந்திருக்க வேண்டும், கோட்டை மிதிக்கலாகாது, மட்டை ஒருமுறை முன்னோக்கி நகரத் தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்தி எதிராளியை ஏமாற்றலாகாது, மட்டை முதலில் தொடுவது ஷட்டிலின் தக்கையாகவே இருக்க வேண்டும், இறகாக இருத்தல் கூடாது. எல்லாவற்றினும் முக்கியமானது உயரம் பற்றிய விதி. நெடுங்காலம் அது ஆட்டக்காரரின் இடுப்பைக்கொண்டே நிர்ணயிக்கப்பட்டு வந்தது. இடுப்பு எது என்ற கேள்வி எழவே, கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கு நேராக உடலைச் சுற்றி ஒரு கோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அதற்குக் கீழே ஷட்டில் அடிபட வேண்டும் என்று விளக்கம் எழுதினார்கள். சட்டையின் உள்ளே மறைந்திருக்கும் எலும்பை, இமைப்பொழுதில் நிகழ்ந்து முடிந்துவிடும் ஓர் அடியோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் நடுவருக்கு நேர்ந்தது. ஒரே விதமான சர்வீஸ் ஒரு போட்டியில் செல்லுபடியாகி மறு போட்டியில் ஃபால்ட் ஆவதும், அதனால் மனஸ்தாபங்கள் விளைவதும் சகஜமாயின.

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆல் இங்கிலாந்து முதலிய பெரிய போட்டிகளில் புது விதி நடைமுறைக்கு வந்தது: அடிபடும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். நெட்டையோ குட்டையோ, யாவருக்கும் ஒரே அளவு. நெடிய ஆட்டக்காரர்கள், தாங்கள் குனிந்து வளைந்து போடவேண்டியிருக்கிறது என்று முறையிட்டார்கள். அவர்கள் சிரமத்தை நான் மறுக்கவில்லை; ஆனால் வலை எவருடைய உயரத்தையும் விசாரித்துக்கொண்டு தாழ்வதோ உயர்வதோ இல்லையே! முன்பெல்லாம் உடல்வாகினால் நெட்டையருக்குக் கிடைத்துவந்த அனுகூலத்தை இப்போது சமன்செய்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். புது விதியே நியாயமானது.

இந்த விதியைப் பிரயோகிக்கும் பொறுப்பு சர்வீஸ் நடுவருடையது. உயரமான ஆசனத்தில் அமர்ந்து, ‘லவ் ஆல், ப்ளே’ என்று ஆட்டத்தைத் தொடங்கிவைத்துப் புள்ளிகளை உரக்கச் சொல்லிவரும் அம்பயரை எல்லோரும் அறிவார்கள். ஷட்டில் வெளியே விழுந்தால் ‘அவுட்’ என்று கூவி இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுவதும், உள்ளே விழுந்தால் வலக்கையால் கோட்டைச் சுட்டுவதும், பார்வைக்கு மறைந்துபோனால் கண்களைக் கைகளால் பொத்திக்கொள்வதுமாகிய லைன் நடுவர்களையும் அறிவார்கள். அம்பயருக்கு எதிர்ப்புறம், வலைக்கம்பத்தை ஒட்டித் தாழ்வான ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரையோ அநேகர் கவனிப்பதில்லை. அவர் முன்னால் ஒரு சிறு தாங்கியும், அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய இரண்டு கண்ணாடி போன்ற தகடுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு தகட்டிலும் 1.15 மீட்டர் உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு வரைந்திருக்கும். தலையைத் தாழ்த்தி, அவ்விரு கோடுகளும் ஒன்றாகத் தோன்றும்படி கண்ணைப் பொருத்திக்கொண்டால், பார்வை தரைக்குச் சமமாக ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே தக்கையோ இறகோ சிறிது தெரிந்தாலும் ‘ஃபால்ட்’ என்று அவர் குரல் கொடுத்தாக வேண்டும். கோட்டருகே விழுந்ததைப் பற்றி ஐயம் வந்தால் பெரிய போட்டிகளில் கேமராப் பதிவைக்கொண்டு மறுபரிசீலனை கேட்கலாம். சர்வீஸ் ஃபால்ட்டுக்கு அந்த முறையீடு கிடையாது. அவர் கண் கண்டதே முடிவு.

அந்த முடிவின் பாரம் 2006-க்குப் பிறகு மேலும் கூடிவிட்டது. அதற்கு முன்பு சர்வீஸ் போடும் தரப்பே புள்ளி பெற முடியும் என்பதால், சர்வீஸில் பிழை செய்தவர் இழந்தது போடும் உரிமையை மாத்திரமே. எதிராளிக்குப் புள்ளி சேராது. ஒவ்வொரு ரேலிக்கும் ஒரு புள்ளி என்னும் 21 புள்ளி முறை வந்தபின், ஒரு ஃபால்ட் எதிராளிக்கு நேரே ஒரு புள்ளியாகிவிடுகிறது. இருபதுக்கு இருபது என்று நிற்கும் கட்டத்தில் அப்படியொரு புள்ளி என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விதியின் எழுத்தை மீறாமல் அதன் சந்துபொந்துகளில் அனுகூலம் தேடும் சாமர்த்தியசாலிகள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் மலேசியாவின் சிடெக் சகோதரர்கள் இறகுப்பகுதியை மட்டையால் சீவினாற்போல் அடித்து சர்வீஸ் போட்டார்கள். ஷட்டில் தாறுமாறாகத் தள்ளாடிக்கொண்டு வந்து எதிராளிகளைத் திணற அடித்தது. தக்கையையே முதலில் தொடவேண்டும் என்ற விதி பிறந்ததற்கு அதுவே காரணம். அந்தச் சகோதரர்களில் ரசீஃபும் ஜலானியும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, தம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தேடித்தந்தார்கள் என்பதிலிருந்து, அந்தத் தந்திரம் இல்லாமலே அவர்கள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் என்பது விளங்கும். 2023-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மார்கஸ் ரிண்ட்ஷோய் ஷட்டிலை விரல்களால் சுழற்றிவிட்டு அடிக்கும் வழியொன்றைக் கண்டார். எதிர்கொள்பவர்கள் அதைத் திருப்பி அனுப்பவே திண்டாடினார்கள். அவ்வாண்டு மே மாதத்திலேயே உலக இறகுப்பந்துச் சம்மேளனம் அதற்குத் தடை விதித்தது. புதுமையை நசுக்குகிறார்கள் என்று சிலர் வருந்தினார்கள். சர்வீஸிலேயே புள்ளி முடிந்துவிடுமானால் ரேலி எங்கே, ஆட்டம் எங்கே என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

2017-இல் கிளாஸ்கோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் பெண்கள் இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். பி.வி. சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிஷங்கள் ஆடினார்கள். இரண்டாவது கேமின் கடைசிப் புள்ளிக்காக ஷட்டில் 73 முறை வலையைக் கடந்தது. அந்தப் புள்ளியைச் சிந்து வென்று கேமைக் கைப்பற்றினார், மூன்றாவது கேமில் 22-20 என்று ஒகுஹாரா பட்டத்தை வென்றார். முதலடி பணிவாக இருப்பதனாலேயே இத்தகைய நீண்ட போராட்டங்கள் இந்த ஆட்டத்துக்கு வாய்க்கின்றன.

பள்ளிகளிலும் சங்கங்களிலும் போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். அம்பயரையும் கோப்பையையும் ஏற்பாடு செய்யும்போது, வலைக்கம்பத்தின் அருகே ஒரு தாழ்ந்த நாற்காலியையும் போட்டு, விதி தெரிந்த ஒருவரை அதில் உட்கார வையுங்கள். தகடு வாங்க வசதியில்லாவிட்டால் 1.15 மீட்டரில் அடையாளமிட்ட ஒரு கோலாவது அவர் பக்கத்தில் நிற்கட்டும். சிறுவயதிலேயே சரியாக சர்வீஸ் போடப் பழகிய பிள்ளை, பின்னாளில் பெரிய அரங்கில் ‘ஃபால்ட்’ என்ற குரல் கேட்டுத் தடுமாற நேராது.