பட்டாவில் பேர் இருந்த பாட்டி

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள் பாட்டி 2024 செப்டம்பரில் காலமானார். வயது நூறைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவர் படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, சகோதரிகளோடு பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டிக்குப் பின் மளிகைக் கடையை நடத்தி, அந்த வருமானத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார். மக்காச்சோளம், பயறு, காய்கறி, வாழை என்று பயிர் வைத்தார். முதுமையில் பெரும்பகுதியை விட்டுவிட்டு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். நூறு வயதுக்கு மேலும் அதில் இறங்கி வேலை செய்தார், அதுவும் இயற்கை முறையில். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடும் தொடர்பு வைத்திருந்தார்.

எனக்கு விருதைவிடப் பெரிதாகப் படுவது, சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் நிலம் வாங்கியதுதான். விதை எடுத்து வைப்பது முதல் களை எடுப்பது வரை நம் வீடுகளில் பெண்கள் பாடு. பட்டா மட்டும் ஆண்கள் பேரில். பி.எம். கிசான் பணமும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். வீட்டுக்காரர் போன பிறகு காகிதத்துக்காக அலையும் அக்காக்களை அடிக்கடி பார்க்கிறேன் (பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் இன்னும் சிரமம்).

உங்கள் வீட்டு நிலம் இன்னும் இறந்தவர் பேரிலேயே இருந்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நில ஆவணங்களோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். வாரிசுப் பட்டியலில் அம்மா பேரும், கட்டிக்கொடுத்த மகள்கள் பேரும் விடுபடாமல் பாருங்கள்.